இன்னும் ஒண்ணே ஒண்ணு

"இதோட சரி சார், இனி வாங்கவே மாட்டேன்" என்று எங்கள் குடியிருப்பின் லித்தியம்காரர் சொன்னால், அடுத்த பேட்டரிக்கு முன்பணம் கட்டிவிட்டார் என்று அர்த்தம். வீட்டு இன்வெர்ட்டருக்கு மொத்தமாக வாங்கி மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கும் ஆள் இல்லை. "தேவைக்கு ஏத்த மாதிரி ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம்" என்பது அவர் கொள்கை. கேட்பதற்குச் சிக்கனமாகத்தான் இருக்கும்.

முதலில் வந்தது 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் இரும்பு-பாஸ்பேட் ரகம். ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஃபேன், லைட், டிவிக்குத் தாராளம். வீட்டில் சொன்ன காரணம் வரி. லித்தியத்துக்கு 2018-லேயே ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரிக்கு அப்போதும் 28. அப்படி மிச்சம் பிடித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? இரண்டாவது வந்தது.

புது பேட்டரி வந்திறங்கும் நாளில் கரண்ட் போனால் அந்த வீட்டில் இருட்டுதான். பழசையும் புதுசையும் எடுத்த எடுப்பில் இணைக்கக் கூடாது. வோல்ட் கூடியது குறைந்ததுக்குள் சர்ரென்று கரண்ட்டைத் தள்ளிவிடும். ஆகவே இரண்டையும் கழற்றிப்போட்டு, தனித்தனியே முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மல்டிமீட்டரும் கையுமாக ஜாதகப் பொருத்தம் பார்ப்பார். "இந்த ரகத்துல 40 சதவீதத்துலயும் 70 சதவீதத்துலயும் வோல்ட் ஏறக்குறைய ஒண்ணுதான் தம்பி, பாதியில மீட்டரை நம்பாதே" என்று டார்ச் பிடிக்க வந்த கீழ்வீட்டுப் பையனுக்குப் பாடம் நடக்கும். உள்ளேயிருந்து "ஏங்க, ஃபேனாவது ஓடுமா?" என்று குரல் வரும். "பேலன்ஸ் ஆகிட்டிருக்கு, யாரும் தொடாதீங்க!"

பிறகு ஏசி ஆசை வந்தது. ஒன்றரை கிலோவாட் இழுக்கும் ஏசிக்கு 12 வோல்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். 48-க்கு மாறினால் முப்பது சொச்சம் போதும். நியாயமான கணக்கு. ஆனால் 48-க்கு நான்கு பேட்டரிகளை வரிசையாகக் கோக்க வேண்டும், கையில் இருந்ததோ இரண்டு. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று இரண்டு தடவை சொல்லி மூன்றாவதும் நான்காவதும் வந்தன. 12 வோல்ட் இன்வெர்ட்டர் பரண் ஏறியது.

கோத்த பிறகு பொருத்தம் மறுபடி இடித்தது. வரிசையில் கோத்தால் மூத்ததுதான் முதலில் காலியாகும், அதன் உள்ளிருக்கும் காவல்காரரான பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டித்தால், மற்ற மூன்றில் சார்ஜ் இருந்தும் மொத்தமும் நின்றுபோகும். மூத்ததை மாற்ற ஐந்தாவது வந்தது. இப்போது இரண்டாவதுதான் கிழடு. அதை இந்த வருஷம் மாற்றினால், அடுத்த வருஷம் மூன்றாவதுக்கு வயதாகிவிடும். ஒவ்வொரு தடவையும் விலை வேறு இறங்கியிருக்கும். அதில் மனிதருக்குச் சந்தோஷமா துக்கமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

லித்தியம்-அயன் பேட்டரிக்காக 2019-ல் நோபல் பெற்ற ஜான் குடினஃபுக்காக ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் ஆறுமுகம் மந்திரம், மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், இரும்பு-பாஸ்பேட் பேட்டரிக்கு வழிகாட்டிய 1980-களின் ஆராய்ச்சியில் பங்குள்ளவர் என்பதை நம்மவர் பால் பாக்கெட் போடுபவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். பங்காளி வீட்டுப் பெருமை.

ஆளைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரிப் பக்கத்தை இருட்டில் போட்டபோது, மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இறக்கி எல்லா வீட்டு போனுக்கும் சார்ஜ் போட்டவர் அவர். மேல்வீட்டுப் பாட்டியின் நெபுலைசர் ஓடியதும் அந்த வயரில்தான். ஏசியை அவரே அணைத்துவிட்டார்.

அதற்காக எத்தனை நாள் பொறுப்பது? பரணில் இடம் தீர்ந்து, ஒதுக்கிய பேட்டரியும் இன்வெர்ட்டரும் மாடிப்படிக்கு அடியில் வந்துவிட்டன. மீட்டர் பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. பிள்ளைகளின் சைக்கிள் நிற்பதும், மழைத்தண்ணீர் முதலில் ஏறுவதும் அங்கேதான். "லித்தியத்துலயே இந்த ரகம் சட்டுனு தீப்பிடிக்காது சார்" என்கிறார். இருக்கட்டும். அது எல்லாரும் மெயின்டெனன்ஸ் கட்டுகிற இடம். சங்கச் செயலாளர் கறாராகக் கேட்டபோது, ஆயுதபூஜைக்குள் எடுத்துவிடுவதாகச் சொன்னார். ஆயுதபூஜை அன்று காலையில் வந்து, இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.