அண்ணாச்சி, இந்தச் செடி கடிக்குமா?

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் திரும்பும்போது ஈரத்துண்டோடு நாலு தொட்டிச் செடியையும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வாங்கும்போது விலை கேட்கிறார்கள், வீட்டுக்குப் போன பிறகு என்னிடம் கேட்கிறார்கள். இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ‘பிள்ளை வாயில் வைத்தால்?’, ‘பூனை கடித்தால்?’ ரகம்.

கேள்வி: மணி பிளான்ட் கொடிய விஷம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பிடுங்கி எறிந்துவிடவா அண்ணாச்சி? – பயந்தவர், தென்காசி

பதில்: குரூப்பை விட்டு வெளியே வாருங்கள், செடி இருக்கட்டும். சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதற்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்னும் நுண்ணிய ஊசிகள். மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், சிங்கோனியம், அக்லோனிமா எல்லாம் அதே சேம்புக் குடும்பம், அதே ஊசிகள். கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், பிள்ளை வீட்டைக் கூட்டிவிடும். பெரும்பாலும் அதோடு சரி. இந்தக் குடும்பத்தில் முரட்டு ஆள் டைஃபன்பேக்கியா. புள்ளி போட்ட அகன்ற இலை, தண்டு கரும்பு மாதிரி. அதைக் கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சே சிலமணி நேரம் வராமல் போகலாம். மூச்சுவிடச் சிரமம் தெரிந்தால் ஆஸ்பத்திரிதான். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அதை மட்டும் தரையில் வைக்காதீர்கள்.

கேள்வி: வாசலில் செவ்வரளி, கொல்லையில் பொன்னரளி. சாமிக்குப் பறிக்கிற பூ. அதைப்போய் ஆபத்து என்கிறாள் மருமகள்! – ஓர் ஆச்சி, இலஞ்சி

பதில்: ஆச்சி, இந்த வழக்கில் தீர்ப்பு மருமகள் பக்கம். கடையில் ஆங்கிலப் பெயரோடு விற்கிற செடிகளைப் பார்த்துத்தான் ஊரே மிரளுகிறது. நிஜமாக உயிரை எடுக்கக் கூடியது நம் வாசலில் நிற்கிறது. இரண்டு அரளியிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. இலை, பூ, பட்டை, வேர் எதுவும் விலக்கில்லை. பொன்னரளியின் கொட்டை எல்லாவற்றிலும் மோசம்.

புளியரைக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் கேட்டிருப்பீர்கள். ஆலப்புழை மாவட்டத்தில் ஓர் இளம்பெண் அரளியைக் கடித்துத் தின்று இறந்ததாகச் செய்தி வந்த பிறகு, 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்தியது. பூஜைக்குத் தடையில்லை. அந்த அளவு போதும் என்பதே என் கட்சியும். சாமிக்குச் சாத்துங்கள், பூவிதழ் பிரசாதத்தில் விழாமல் பாருங்கள், பறித்த கையைக் கழுவுங்கள். பொன்னரளியை மட்டும் பேரப்பிள்ளைகள் விளையாடும் கொல்லையில் வைக்க வேண்டாம்.

இன்னொன்று. அரளியைக் கவாத்து செய்தால் அந்தக் கிளைகளைத் தெருவில் போடாதீர்கள். பச்சை இலையின் கசப்புக்கு ஆடு மாடு ஒதுங்கிப் போகும். காய்ந்த பிறகு கசப்பு குறையும், நஞ்சு குறையாது. நாலுவழிச் சாலையின் நடுவில் வரிசையாக அரளி நிற்பது வறட்சி தாங்கும் என்பதற்காக மட்டுமில்லை, மாடு மேயாது என்பதற்காகவும்தான். மாட்டுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய வேண்டாமா?

கேள்வி: என் பூனைக்கு லில்லி ஆகாதாமே? – பூனைக்கு ஊழியம் செய்பவர், மேலகரம்

பதில்: எந்த லில்லி? நம் நர்சரியில் கிழங்கிலிருந்து முளைப்பதெல்லாம் லில்லிதான். பீஸ் லில்லி உண்மையில் லில்லியே இல்லை, மேலே சொன்ன சேம்புக் குடும்பம். ஸ்பைடர் லில்லி, ஃபுட்பால் லில்லி கிழங்கைத் தின்றால் வாந்தி வரும். பூனைக்கு எமன், பூங்கொத்துகளில் வருகிற ஏசியாட்டிக், ஓரியண்டல் வகை அசல் லில்லிகளும் டே லில்லியும். இலையைக் கடிக்கக்கூட வேண்டாம். மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். ‘சாயங்காலம் பார்க்கலாம்’ என்று இருந்தால் பூனை இருக்காது. கல்யாண வீட்டுப் பூங்கொத்தைக் கொண்டுவந்து டிவி மேல் வைக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: சரி, பூனைக்குப் பிடித்த செடி எது? – அதே ஊழியர்

பதில்: குப்பைமேனி. வேரோடு பிடுங்கிப் போட்டால் சில பூனைகள் அதன்மேல் புரண்டு, மயங்கி, கூத்தடிக்கும். பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டாம், உங்கள் வீட்டுச் சாக்கடை ஓரத்திலேயே நிற்கும். மெல்லுவதற்கு ஒரு தொட்டியில் அருகம்புல் வளர்த்து வையுங்கள்.

கேள்வி: கற்பூரவல்லி மூலிகைதானே? நாய் தின்றால் நல்லதுதானே? – சித்த வைத்தியப் பிரியர், செங்கோட்டை

பதில்: உங்கள் சளிக்கு நல்லது. நாயும் பூனையும் நிறையத் தின்றால் அதன் எண்ணெய்க்கு வாந்தியும் பேதியும் வரும். சோற்றுக் கற்றாழையின் மஞ்சள் பாலும் அப்படியே. மூலிகை என்றால் மருந்து, மருந்து என்றால் அளவு. நாய்க்கு அளவு தெரியாது.

கேள்வி: நாய் வளர்க்கும் வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எதை நடலாம்? – அவசரக்காரர், கடையநல்லூர்

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு நடுங்கள்: செம்பருத்தி, மல்லிகை, ரோஜா. வீட்டுக்குள் அரிக்கா பாம், பாஸ்டன் பெரணி, ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா. ‘பாம்’ என்று சொல்லிச் சைகஸைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். அதன் விதை ஒன்றிரண்டே நாயின் ஈரலை முடித்துவிடும்.

கேள்வி: ஒரு விஷச் செடியும் இல்லை. ஆனால் தொட்டியைத் தோண்டிய நாய் சாகப் பிழைக்கக் கிடந்தது. எப்படி? – குழம்பியவர், பாவூர்சத்திரம்

பதில்: செடியை விடுங்கள், தொட்டியில் என்ன உரம் போட்டீர்கள்? ஆமணக்குப் புண்ணாக்கு என்றால் விடை கிடைத்துவிட்டது. ஆமணக்கு விதையின் ரிசின் நஞ்சு, சரியாகச் சூடுபடுத்தாத புண்ணாக்கில் தங்கிவிடும். வாசனை நாயைச் சுண்டி இழுக்கும். எலும்புத்தூளோடு கலந்து போட்டால் அதற்கு விருந்துதான். நத்தைக்கும் பூச்சிக்கும் போடுகிற குருணை மருந்துகளும் இதே கணக்கு. நாய் உள்ள வீட்டில் மக்கிய சாண உரமும் மண்புழு உரமும் போதும். செடி கொஞ்சம் மெதுவாக வளரும், நாய் உயிரோடு வளரும்.

கேள்வி: சீசனில் வாங்கின மங்குஸ்தான் கொட்டையை மாடித் தொட்டியில் நட்டேன். எப்போது பழம் பறிக்கலாம்? – நம்பிக்கைக்காரர், சுரண்டை

பதில்: தென்காசி தனி மாவட்டமான 2019 நவம்பரில் நட்டிருந்தால்கூட இப்போதும் காத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். விதையிலிருந்து வந்தால் காய்க்க எட்டுப் பத்து வருஷம் ஆகும். அதற்குக் குற்றாலத்து ஈரமும், இளமையில் நிழலும் வேண்டும். சுரண்டை மொட்டைமாடி அதற்குத் தண்டனைக் கூடம். கொட்டை காய்ந்துவிட்டால் முளைக்கவும் முளைக்காது. ஒரு நல்ல சேதி: மங்குஸ்தான் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உண்டாவது, அதனால் முளைப்பது தாயின் அச்சு அசல்.

ஜாதிக்காயில் அந்தச் சௌகரியம் கிடையாது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கன்றாக இருக்கும்போது பார்த்துச் சொல்ல முடியாது, ஆறேழு வருஷம் கழித்துப் பூத்தால்தான் தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. கம்பெனிக்குக் காத்திருக்க வசதி இருந்தது. உங்களுக்கு இல்லையென்றால், பெண் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கொசுவை விரட்டும் செடி எது? – கடிபட்டவர், ஆய்க்குடி

பதில்: நொச்சி இலையைப் புகை போட்டால் கொசு விலகும். செடி சும்மா நின்றால் கொசு அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறும். அதைவிட, தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறீர்களே, சாரல் தண்ணீர் நிரம்பி நிற்கிற தட்டு? டெங்குக் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துக் கிளம்ப ஒரு வாரம் பத்து நாள் போதும். தட்டைக் கவிழ்த்துத் தேயுங்கள்.

கேள்வி: ஸ்நேக் பிளான்ட் ராத்திரியில் ஆக்சிஜன் கொடுக்குமாமே? – ஆழ்ந்து சுவாசிப்பவர், தென்காசி

பதில்: கொடுக்காது. வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் ஆக்சிஜன் உண்டாக்காது. செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்கு ஆதாரமாகச் சொல்கிற, 1989-இல் நாசா செய்த சோதனையும் காற்றுப் புகாத மூடிய பெட்டிக்குள் நடந்தது. உங்கள் வீட்டுக்கு ஜன்னல் இருக்கிறது. ஜன்னல் காற்றுக்கு ஈடு செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடிக்குக் குறையாமல், கூடினால் ஆயிரம் வரை வேண்டியிருக்கும் என்று 2019-இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. பிறகு நீங்கள் படுக்க இடம் இருக்காது. செங்கோட்டைக் கணவாயிலிருந்து இவ்வளவு காற்று ஓசியில் வரும் ஊரில் இருந்துகொண்டு தொட்டிக்குள் ஆக்சிஜன் தேடலாமா?

கேள்வி: பாம்பு வராமலிருக்க சிறியாநங்கை நடலாமா? – தோப்பு வீட்டுக்காரர், புளியரை

பதில்: நடலாம். பாம்பு அதன் அடியிலேயே படுத்திருக்கும். எலியை ஒழியுங்கள், விறகையும் ஓட்டையும் வாசலில் அடுக்காதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு ஆடு வேலியையே தின்கிறது. தின்றால் செத்துப்போகிற மாதிரி ஒரு வேலிச்செடி சொல்லுங்கள். – ஆத்திரக்காரர், ஆலங்குளம்

பதில்: தெரியும், சொல்ல மாட்டேன். ஆடாதோடையும் நொச்சியும் நடுங்கள். ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தையும் மிஞ்சும். சும்மா கிடைக்கிறதே என்று காட்டாமணக்கை வேலியாக ஊன்றாதீர்கள். அதன் கொட்டை நிலக்கடலை மாதிரி ருசிப்பதால் பிள்ளைகள் பங்குபோட்டுத் தின்றுவிட்டு, வாந்தியும் பேதியுமாக ஒரே வார்டில் வரிசையாகப் படுத்துவிடுவார்கள். வேலியில் படரும் குன்றிமணியையும் பிடுங்கிவிடுங்கள். பிள்ளையாருக்குக் கண்ணாக இருக்கிறவரை அழகு, பிள்ளை கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே உலை. மழைக்கு வேலியில் பூக்கும் செங்காந்தள் நம் மாநில மலர்தான். ஆனால் அதன் கிழங்கு கடும் நஞ்சு, வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றால் பிழைப்பது கஷ்டம்.

கேள்வி: மூன்று சென்ட் வீடு. வாசலில் பலா வைக்கலாமா? குற்றாலநாதருக்கே தல மரம் பலாதானே! – பக்தர், குற்றாலம்

பதில்: குறும்பலா அவருக்குத் தல மரம்தான். அவருக்கு இடம் இருக்கிறது. உங்களுக்கு மூன்று சென்ட், அதிலும் பைக் நிற்க வேண்டும். ஆனி ஆடிக் காற்றில் முதலில் ஒடிவது முருங்கை, அதனால் அதுவும் சுவரோரம் வேண்டாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, பவளமல்லி இந்த உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பால்கனியில் எதை வைத்தாலும் குரங்கு பிய்த்துப் போடுகிறது. – தோற்றவர், ஐந்தருவிச் சாலை

பதில்: குரங்குக்கு முந்தி நீங்கள் வந்திருந்தால் புகார் எடுபடும். கம்பி வலை அடியுங்கள். செம்பருத்தியை வலைக்கு உள்ளே வையுங்கள், பூவை அவை விரும்பித் தின்னும்.

கேள்வி: செண்பகாதேவி போகும் வழியில் மரத்தில் அழகான ஆர்க்கிட் பார்த்தேன். ஒரு கொத்து எடுத்து வரலாமா? – ரசிகர், மதுரை

பதில்: அது காப்புக்காடு, எடுத்தால் வழக்கு வரும். மதுரை வெயிலில் செடியும் பிழைக்காது. வழக்கு மட்டும் பிழைக்கும்.

கேள்வி: இவ்வளவும் சொன்னீர்கள். பிள்ளை நிஜமாகவே எதையோ தின்றுவிட்டால்? – ஒரு தாய், சங்கரன்கோவில்

பதில்: வாயில் மிச்சமிருப்பதை விரலால் எடுத்துவிட்டுக் கொப்பளிக்கச் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது புதிய ஆபத்தைக் கொண்டுவரும். எருக்கம்பாலோ கள்ளிப்பாலோ கண்ணில் பட்டிருந்தால், தேய்க்காமல் நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். தின்ற செடியில் இலை, காய், பூ சேர ஒரு கிளையை ஒடித்துக் கையோடு கொண்டுபோங்கள். ‘பச்சையா ஒரு இலை’ என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. அரளி என்று தெரிந்தால், பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே கிளம்புங்கள். ஆம்புலன்ஸ் 108. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நஞ்சு தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. ஆடு, மாடு, நாய், பூனைக்கு 1962. மூன்றையும் இந்தப் பக்கத்திலிருந்து கத்தரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வாரம் கேள்வி அனுப்புகிறவர்கள், செடியின் பெயர் தெரியாவிட்டால் பூவும் இலையும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள்.