கல்லூரி மாணவரின் முதல் கிரெடிட் கார்டு: ஓர் ஐந்திணை ஆய்வு

சம்பளமில்லாத மாணவருக்கும் கிரெடிட் கார்டுக்கும் உள்ள உறவு அகத்திணையின்பாற்பட்டது என்பது இக்கட்டுரையின் துணிபு. புறத்திணை என்பாரும் உளர். வசூல் ஆள் வீட்டு வாசலுக்கு வரும்வரை அக்கருத்தை ஏற்பதற்கில்லை.

குறிஞ்சி (புணர்தல்): நிலம், மால் வாசல். கருப்பொருள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் அண்ணன், மேசைமேல் இலவச டிராவல் பேக். ஓசை, "லைஃப்டைம் ஃப்ரீ தம்பி." அடுத்து "சேலரி ஸ்லிப் இருக்கா?" என்ற வினா எழ, களவு கலைகிறது.

முல்லை (இருத்தல்): ஸ்லிப் இல்லாவிட்டாலும், 18 வயது நிரம்பியவர் பிக்சட் டெபாசிட் போட்டால், அதில் பெரும்பாலும் 75 முதல் 90 சதவீதம்வரை லிமிட்டுள்ள கார்டு உண்டு. தன் பணத்தை ஈடுவைத்துத் தானே கடன் வாங்கக் காத்திருத்தல் இத்திணையின் சிறப்பு. சிபில் என்னும் செவிலி 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுவாள். கடன் வரலாறே இல்லாதவருக்கு -1. செமஸ்டரில் சுழியம் கண்டவரும் இது கண்டிலர்.

மருதம் (ஊடல்): பில் வருகிறது. ஊடலுக்குக் காரணமான பரத்தையின் பெயர் மினிமம் டியூ. 10,000 ரூபாய் பில்லுக்கு 500 கட்டினால் போதும் என மயக்குவாள்.

நெய்தல் (இரங்கல்): மீதி 9,500. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 332 ரூபாய் 50 காசு. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 392. கட்டிய ஐந்நூறில் மிஞ்சுவது நூற்றுச் சொச்சம். பாக்கி நிற்கும்வரை வட்டியில்லாக் காலமும் கிடையாது. இன்று தேய்த்துத் தின்ற பரோட்டாவுக்கு இன்றே வட்டி ஓடும்.

பாலை (பிரிதல்): கட்டாவிட்டால் வங்கி டெபாசிட்டை எடுத்துக்கொள்ளும். தலைவன் கார்டையும் பிரிவான், காசையும் பிரிவான். செவிலி மட்டும் மறக்கமாட்டாள்.

அப்பாவின் ஆட்-ஆன் கார்டை இவ்வைந்தில் அடக்க இயலாது. பில் ஒருவருக்கு, பிரியாணி இன்னொருவருக்கு என்பதால் அது கைக்கிளை.

முடிபு: ஆண்டுக் கட்டணம் இல்லாமல், சிறு டெபாசிட்டின் பேரில் கிடைக்கும் கார்டே முதல் கார்டாகத் தகும். களவியல் மால் வாசலில் முடியும். கற்பியல் ஆட்டோ டெபிட்டில் தொடங்கும். ஆட்டோ டெபிட் படிவத்தில் 'டோட்டல் டியூ' கட்டத்தில் டிக் செய்க. 'மினிமம்' கட்டத்தில் செய்வார்க்குக் கற்பியல் இல்லை என்மனார் புலவர். வங்கியார் மறுத்திலர், மகிழ்ந்தனர்.