கிளச் மிதித்துக் கேளுங்கள்!

என் மொறிஸ் மைனருக்குப் புதுக் கிளச் பிளேட் போட்டாயிற்று. ஆனாலும் முதல் கியரில் எடுக்கும்போது கார் உதறுகிறதே? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பிளேட்டை மாற்றினீர்கள், ஃபிளைவீலைப் பார்த்தீர்களா? பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஐம்பது ரூபாய் குறைக்க அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கும் நம்மவர்கள், லேத் பட்டறைக்குப் போக மட்டும் பஞ்சிப்படுகிறார்கள்! ஃபிளைவீலில் நீலம் பாரித்த திட்டுகள் தெரிந்தால், அவை சூட்டில் வெந்த இடங்கள். லேசாகச் சீவி எடுக்கலாம். சீவியும் போகாத வெடிப்பு இருந்தால் வேறு ஃபிளைவீல் தேடுங்கள். பிளேட் உரசும் வட்டத்தை மட்டும் சீவி, கவர் உட்காரும் விளிம்பை விட்டுவிட்டால் பிடிப்பு குறைந்துவிடும். இரண்டிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்க்காமல் டூலை நீட்டுகிற பட்டறையா? ஃபிளைவீலைத் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள்!

இன்னொரு சந்தேகநபர் ஒயில். உங்கள் ஏ-சீரிஸ் எஞ்சினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுச் சுருள்தான் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. எஞ்சின் தேய்ந்து உள்ளே அழுத்தம் கூடினால் அது தோற்றுவிடும். கிளச் கூட்டின் அடியில் சின்னத் துளை ஒன்று, அதில் ஆடிக்கொண்டு ஒரு ஸ்பிளிட் பின் இருக்கும். துளை அடைபடாமல் பார்ப்பதே அதன் உத்தியோகம். அங்கே ஒயில் சொட்டினால் புதுப் பிளேட்டும் நனைந்திருக்கும்.

காருக்கு என்ன நிறம் பூசலாம்? (வெள்ளவத்தை வாசகி)

முதலில் ஃபிளைவீலைச் சீவுங்கள், பிறகு நிறம் பேசலாம்.

காலி வீதி நெரிசலில் கிளச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டலாமா? (பம்பலப்பிட்டி வாசகர்)

கூடாது. மைனரில் கிளச்சைத் தள்ளுவது கரிப் பெயாரிங். உங்கள் இடது கால் அதற்கு எமன்.

மைனரா, மினியா, எது கெட்டிக்காரக் கார்? (தெஹிவளை வாசகர்)

1948இல் வந்த மைனர், 1959இல் வந்த மினி, இரண்டையும் உருவாக்கியவர் அலெக் இசிகோனிஸ். அண்ணன் தம்பி வழக்கில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. கிளச் வேலையில் மட்டும் தம்பிக்கு ஒரு புள்ளி கூட: எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். ஆனால் ஃபிளைவீல் கூம்பில் இறுகி இருக்கும், சுத்தியலுக்கு மசியாது, புல்லர் வேண்டும். கழற்றுமுன் 1ஆம், 4ஆம் பிஸ்டன்கள் உச்சிக்கு வரும்படி திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ‘சி’ வடிவ வளையம் நழுவி விழுந்து சிக்கிக்கொள்ளும்.

கிளச்சைக் கழற்றியதும் என் தம்பி அந்தத் தூசியைக் கம்பிரஸரால் ஊதுகிறான். பரவாயில்லையா? (கொட்டாஞ்சேனை வாசகி)

இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், தங்கச்சி. பழைய கிளச் பிளேட்டுகளின் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. பிரிட்டனில் 1999இல்தான் முழுத் தடை வந்தது. மூச்சோடு உள்ளே போகும் இழை நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோயாக வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது வருடங்கள்கூட ஆகலாம். அதனால்தான் இப்போது ஊதுகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஊதவும் வேண்டாம், விளக்குமாற்றால் கூட்டவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். நல்ல முகக்கவசம் போடச் சொல்லுங்கள். தூசி படிந்த அவருடைய உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.