இல்லாத சரக்கை விற்றவர்கள்

இரணியாட்சன் கடலுக்கடியில் ஒளித்த பூமியையே தேடிப் பிடித்துக் கோரைப்பல்லில் ஏந்தி வந்தவர் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் குடியிருக்கிறார். அந்தத் தெம்பில்தானோ என்னவோ, 1994 கடைசியில் ஊர் முழுக்கத் துப்பறியும் கலை எல்லோருக்கும் கைவந்துவிட்டது. சாயாக்கடைகளில் புட்டையும் கடலைக்கறியையும் பிசைந்துகொண்டே, ‘க்ரையோஜெனிக்’ என்று திக்காமல் சொல்லப் பழகினார்கள். “ராக்கெட்டையே தூக்கிக் கொடுத்துட்டானுங்க சாரே!” என்பார் ஒருவர். கூடவே நின்று டாலரை எண்ணியவர் மாதிரி தலையாட்டுவார் இன்னொருவர்.

நடந்தது என்ன? அந்த செப்டம்பரில் சூரத்தில் பிளேக், விமானங்கள் ரத்து. ஊர் திரும்ப முடியாமல் சிக்கிய மாலத்தீவுப் பெண் மரியம் ரஷீதா, இன்னும் சில நாள் தங்க அனுமதி கேட்டுத் தானாகவே போலீஸ் கமிஷனர் அலுவலகப் படியேறினார். பதுங்க வேண்டிய உளவாளி போலீசிடமே போய் முத்திரை கேட்கிறார், என்ன சாமர்த்தியம்! தன் ஆசைக்கு இணங்காததால் இன்ஸ்பெக்டர் ஒருவர் அவரைச் சிக்கவைத்தார் என்று 2024-ல் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை சொன்னது. அதைச் சொல்ல முப்பது வருடம் ஆயிற்று.

அக்டோபர் 20-ல் கைது. குற்றம், விசா முடிந்தும் தங்கியது. போலீஸ் காவலில் அந்தக் குற்றம் நன்றாகத் தின்று கொழுத்து, அடுத்த மாதமே பாகிஸ்தானுக்கு ராக்கெட் ரகசியம் விற்ற குற்றமாகிவிட்டது. தோழி ஃபௌசியா ஹசன், இஸ்ரோவின் சசிகுமாரன், பெங்களூரில் இருந்த இருவர், நவம்பர் 30-ல் நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணன் என்று வரிசையாக உள்ளே போனார்கள்.

சரி, விற்ற சரக்கு எது? கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ராக்கெட்டை இயக்கும் க்ரையோஜெனிக் எஞ்சின் வித்தை. அது நம்மிடம் இருந்ததா? 1991-ல் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மோஸிடம் அதை வாங்க ஒப்பந்தம் போட்டோம். 1992-ல் அமெரிக்கா தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா, எஞ்சினைத் தருகிறேன், செய்யும் வித்தையைத் தரமாட்டேன் என்று கைவிரித்தது. நம் சொந்த க்ரையோஜெனிக் எஞ்சினோடு ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். ஆக, இருபது வருடம் கழித்துப் பிறக்கப்போகும் பிள்ளையை 1994-லேயே விற்றுக் காசாக்கிவிட்டார்கள்! அந்தக் காசு எங்கே? யாருக்கும் கிடைக்கவில்லை. கைதானவர்களின் வீடுகளை உரிய நேரத்தில் சோதனை போடக்கூட இல்லை என்று சி.பி.ஐ. பின்னால் குறை சொன்னது. தேடினால் கிடைக்காது என்று தேடாதவர்களுக்குத் தெரிந்திருந்தது போலும்.

இந்த வழக்கில் நிஜமாகவே கைமாறிய பொருள் ஒன்றே ஒன்று: கேரள முதல்வர் நாற்காலி. 1995 மார்ச்சில் கருணாகரன் எழுந்தார், ஆன்டனி உட்கார்ந்தார். வாங்கியவரும் பறிகொடுத்தவரும் ஒரே காங்கிரஸ் கட்சி. 1996-ல், விசாரித்த சி.பி.ஐ. வழக்கே பொய் என்றது; நீதிமன்றமும் ஏற்றது. அதே வருடம் ஆட்சிக்கு வந்த இடதுசாரிகள் விட்டார்களா? மறுபடி விசாரிக்க உத்தரவு போட்டார்கள். 1998-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. வெட்கத்தை விடுவதில் மட்டும் இரண்டு கூட்டணிக்கும் ஒரே கொள்கை. படுக்கையறைக் கதைகளைப் பத்தி பத்தியாக எழுதித் தாள் விற்ற பத்திரிகைகளுக்கோ விடுவதற்கு அதுவும் இருக்கவில்லை.

பிறகு பரிகாரம் வந்தது. 2018-ல் நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2019-ல் பத்மபூஷண். 2022-ல் நடிகர் மாதவன் அவர் கதையைப் படமெடுத்தார். அன்று கொடும்பாவி கொளுத்திய ஊர் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நல்லது; அவருக்கு அது வரவேண்டிய கடன், அதுவும் வட்டியில்லாமல்தான் வந்தது.

அந்த இரண்டு பெண்கள்? மூன்று வருடத்துக்கு மேல் சிறை. பத்மபூஷண் இல்லை, அந்த 50 லட்சத்தில் ஒரு பைசா இல்லை. ஃபௌசியா 2022-ல் இறந்தே போனார். விஞ்ஞானியிடம் தேசமே மன்னிப்புக் கேட்கும்; அயல்நாட்டு முஸ்லிம் பெண்ணிடம் கேட்க யாருக்கும் வாய் வராது. சந்தேகப்படும்போது நமக்கு ஆள் பேதமே இல்லை. வருத்தப்படும்போதுதான் தராதரம் பார்ப்போம்.

எல்லையில் சூடு ஏறும்போதெல்லாம் இந்தக் கடை மறுபடி திறக்கும். அதே சாயா, அதே துப்பறிவாளர்கள், கையில் மட்டும் செல்போன். அடுத்து மாட்டப்போவது பேரும் புகழும் உள்ள விஞ்ஞானியாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். விமானம் கிடைக்காமல் நிற்கும் யாரோ ஒருத்தியாக இருந்தால், அவளுக்குப் படமெடுக்க எந்த மாதவனும் வரமாட்டார்.