கேசட் கடை எங்கே போனது?

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் ரஜினி பாட்டைத் தெருவே அதிர அலறவிட்ட கேசட் கடைகளெல்லாம் எங்கே போயின?
— ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கேசட்டைச் சிடி விழுங்கியது, சிடியைக் கைப்பேசி விழுங்கியது. இது ஊருலகக் கதை.

லிட்டில் இந்தியா இருக்கும் ஜார்ஜ் டவுனுக்குத் தனிக் கதை ஒன்றுண்டு: வாடகை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, போருக்கு முந்தைய கடைவீடுகளில் தையற்காரரும் மளிகைக்காரரும் சொற்ப வாடகையில் காலம் தள்ளினார்கள். 2000 ஜனவரியோடு அந்தக் குடை மடங்கியது. வாடகை ஏறியது, பழையவர்கள் பலர் இறங்கினார்கள்.

2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டம் வந்தது. சுவருக்குக் காவல், வாடகைக்காரருக்கு? அது பட்டத்தில் இல்லை!

கேசட் கடை போனாலும், சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஏக்கம் தாங்காவிட்டால் அங்கே போங்கள். பேரம் பேசாமல் வாங்கிவிடாதீர்கள்.