கடைமடை ராமும் அரிசியளவுப் பசையும்: ஓர் ஆய்வு

தலைப்பில் ‘ஓர் ஆய்வு’ என்று போட்டால்தான் உள்ளே இருப்பது ஆய்வு என்று வழிகாட்டிக்கே தெரியவரும் என்பதால் போட்டிருக்கிறேன். ஆய்வு எல்லை: வடக்கே வெண்ணாறு, தெற்கே கல்லணைக் கால்வாய், நடுவே என் வீட்டுப் பின்கட்டில் ஒரு மேசை. ஆய்வுப் பொருள்: 2007இல் வந்த இன்டெல் பென்டியம் டூயல் கோர் இ2140 ப்ராசஸர், ஒரு ஜிபி டிடிஆர்2-667 ராம், டப்பாவோடு வந்த அலுமினிய ஹீட்சிங்க். கருதுகோள்: ஏற்றினால் ஓடும். ஆய்வின் தேவை: இல்லை.

1. சொல்லாய்வு. ஓவர்க்ளாக்கிங்குக்கு ‘மிகைத்துடிப்பு’ என்பதா, ‘மேற்றுடிப்பு’ என்பதா என்று இரண்டு மாநாடு நடத்தலாம். மெக்கானிக் தம்பி ‘ஏத்தி விடறது’ என்கிறார். அவருக்கு முனைவர் பட்டம் இல்லாததால் சட்டென்று புரிகிறது.

2. வரலாறு. இதையும் ராஜராஜன் செய்துவிட்டான் என்று நிறுவ ஆள் இருக்கிறது. பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதியவர்களுக்கு இது பெரிய காரியமா? இக்கட்டுரையின் முதல் பக்கத்தை, ஒரு சாயங்காலம், தரையில் விழாத அந்த நிழலில் உட்கார்ந்துதான் எழுதினேன். மெய்யான முன்னோர் 1998இல் வந்த செலரான் 300ஏ. பஸ்ஸை 66இலிருந்து 100க்குத் தள்ளினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும், பலருக்கு ஆனது.

3. பாசனக் கோட்பாடு. இ2140இன் பஸ் 200 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 8, ஆக 1.6 ஜிகாஹெர்ட்ஸ். பெருக்கியை மேலே ஏற்ற விடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸைத்தான் ஏற்ற வேண்டும். பஸ் என்பது மேட்டூர். அங்கே ஷட்டரைத் தூக்கினால் கடைமடை வரை தெரியும். நம் கடைமடை ராம். பயாஸில் ராம் விகிதத்தை ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டு பஸ்ஸை 266 ஆக்கினால், 667க்குச் செய்த ராமை ஏறக்குறைய 887இல் ஓடச் சொல்லும். வாய்க்கால் உடையும். ஆகவே முதலில் விகிதத்தை 1:1 ஆக்கிவிட வேண்டும். அப்போது பஸ் 266இல் ராமுக்கு 533தான். முழங்கால் தண்ணீரில் நடப்பது போல நடக்கும். பிசிஐயை 33இலேயே பூட்டு. பிறகு ஐந்தைந்தாக, பத்துப் பத்தாக ஏற்று, அவசரப்படாதே. ஆடுதுறை 36 நெல் 110 நாளில் விளைகிறதென்று 155 நாளுக்கு மேல் எடுக்கும் சி.ஆர். 1009ஐ யாரும் அடித்து விரட்டுவதில்லை.

4. வோல்டேஜ். தொடாதே. சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 10 சதவீதம் ஏற்றினால், வேகம் அதேயானாலும், 21 சதவீதம் கூடும்.

5. பசை. ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கும் தெர்மல் பேஸ்ட் ‘ஓர் அரிசியளவு’ இருக்க வேண்டும் என்பது வழக்கு (மச்சான், செவிவழி). எந்த அரிசி? நெல் விளையாத ஊரில் இருப்பவர்கள் இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். இங்கே முடியுமா? சீரகச் சம்பாவா, அது கடுகுக்குத் தம்பி. பொன்னியா, ஒல்லி. சி.ஆர். 1009ஆ, குண்டு (மச்சான், மேற்படி, இரண்டாம் டம்ளர் காபி). அரிசி என்றே முடிவானாலும் பச்சரிசியா புழுங்கலா? குருணை சேருமா? ‘அரிசியளவு’ என்றவர் சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாரா, மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாரா? வெந்த பருக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஊதும்; பசை பிதுங்கி மதர்போர்டில் வழியும் (அம்மா, அடுக்களைப் பதிப்பு, முறத்தின் வலது ஓரம்; ஒப்பிடுக: அதே முறம், இடது ஓரம்; பாடபேதம்: பக்கத்து வீட்டு முறம், புடைப்பதற்கு முன்). மூன்று ராத்திரி, மூன்று அரிசியையும் வரிசையாக வைத்து அளவெடுத்து, ஒவ்வொரு முறையும் ஹீட்சிங்கின் நாலு பிளாஸ்டிக் கொக்கியையும் திருகிக் கழற்றி, பழைய பசையை ஸ்பிரிட்டில் துடைத்து, புதிதாக வைத்து அழுத்தினேன். வெப்பநிலையில் சொல்லும்படியாக வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது ராத்திரி ஒரு கொக்கி உடைந்தது. தரவு திருப்திகரம் (ஆசிரியர், தன் கூற்று, கொக்கி உடைந்த அதே இரவு, டார்ச் வெளிச்சத்தில் எழுதிய குறிப்பு, கரையான் அரித்த இடங்களை ஆசிரியரே ஊகித்து நிரப்பியுள்ளார், அந்த ஊகங்களே பிற்காலத்தில் மூலபாடமாகக் கொள்ளப்படும்).

6. தூசி. உமி பறக்கும் காலத்தில் பெயின்ட் பிரஷ்.

7. பருவம். ஹீட்சிங்க் காற்றைக் குளிரவைக்காது. அறையின் சூட்டுக்கு மேல்தான் அதன் கணக்கே தொடங்கும். மார்கழி விடியலில் 22 டிகிரி, கத்திரி மத்தியானத்தில் 38. பதினாறு டிகிரி அங்கேயே போய்விட்டது. ஆகவே மார்கழியில் ஏற்றி, ‘ஓடுது பார்’ என்று மார்தட்டுகிறவர் சித்திரையில் மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டு பருவம் காத்திருக்க ஆய்வுக் காலம் போதாது என்பவர்கள் முடிவுரையை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். புதிய முறை அல்ல.

8. சோதனை. முதலில் மெம்டெஸ்ட் ராமைப் பார்க்கும். பிறகு ராத்திரி முழுக்க ப்ரைம்95. பிரமாண்டமான பகா எண்களைத் தேடுவதற்கென்று எழுதிய நிரல் அது. ப்ராசஸரைச் சக்கையாய்ப் பிழிவதால் நம் ஆட்களுக்கும் பிடித்துவிட்டது. கணக்கில் ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கொக்கி மாற்றி, 266இல், 2.13 ஜிகாஹெர்ட்ஸில், மார்கழி ராத்திரி ஒன்று பிழையில்லாமல் கழிந்தது.

கூடுதலாகக் கிடைத்த ஐந்நூற்றுச் சொச்சம் மெகாஹெர்ட்ஸால் கண்ட பயன் என்ன என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். இக்கட்டுரையைத் தட்டச்சு செய்ய முன்பு எவ்வளவு நேரமாகுமோ இப்போதும் அவ்வளவுதான். விரலை ஏற்ற பயாஸில் இடமில்லை. ஆனால் அன்று காலை கேபினட்டின் தலையில், பவர் சப்ளை சூடு தட்டும் மூலையில், துணி சுற்றிய ஒரு பாத்திரம் இருந்தது. மார்கழிக் குளிரில் ஒரு வாரமாக உறையாமல் அம்மாவைப் படுத்திய தயிர், கத்தியால் வெட்டலாம் போல் உறைந்திருந்தது.

“இன்னிக்கும் ராத்திரி அதை ஓட விடுவியாடா?” என்றாள். கையில் மறுநாளைக்கான பால்.