கண்டம் தாண்டும் கத்தல்: இணைய அழைப்பில் குரலின் உரம் குறித்து ஓர் ஆராய்ச்சி

அடுத்த தெருவில் இருக்கும் தங்கையோடு வாட்ஸ்அப்பில் பேசுகையில் அடுப்படி தாண்டாத குரலில் பேசும் ஓர் அம்மாள், நியூஜெர்சியில் இருக்கும் மகனோடு பேசுகையில் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் குரலில் பேசுகிறார். கருவி ஒன்று, செயலி ஒன்று, தொண்டையும் ஒன்று. மாறியது தொலைவு மட்டுமே. இதனால் பெறப்படும் விதியாவது: குரலின் உரம், கேட்பவர் இருக்கும் தூரத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். இதைத் தூரக்குரல் விதி என்க. திருச்சிக்குக் கூடத்தில் நின்று பேசினால் போதும். துபாய்க்கு வாசல் திண்ணை. டொராண்டோவுக்கு மொட்டைமாடி.

ஆய்வுக்கு மாதிரியாக எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய ஓர் அத்தையைக் கொண்டோம். ஊர் மயிலாடுதுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அத்தைக்குக் காது மந்தம், அதனால் கத்துகிறார் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாமை காண்க. உள்ளறையில் மருமகள் தன் தாயாரிடம் முணுமுணுத்ததை, மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கூடத்திலிருந்து சொல் பிசகாமல் திருப்பிச் சொன்ன காது அது.

இரண்டாம் சாரார் வரலாற்றுக் கட்சியினர். இவர்கள் கூற்று கனமுடையது. நம் நாட்டில் ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக எண் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960இல் லக்னோ, கான்பூர் நகரங்களுக்கிடையேதான் முதலில் வந்தது. அது நம் ஊருக்கு வந்து சேரும்வரை டிரங்க் கால்தான் கதி. பதிவு செய்து, காத்திருந்து, மணி அடித்ததும் ஓடிப்போய் எடுத்து, கம்பியின் மறுமுனையில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல் கேட்டால், மனிதன் கத்தாமல் என்ன செய்வான்? அத்தையின் தலைமுறை வெளியூர்ப் பேச்சைக் கற்றதே கத்தலாகத்தான். பின்னால் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. லைன் தெளிந்தது. ஆனால் கண்ணெதிரே சிவப்பு எண்களில் மீட்டர் ஓடியது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கட்டணம் குறையுமென்று சாப்பிட்டுக் கைகழுவி, குடும்பத்தோடு வரிசையில் நின்றார்கள். உரத்தோடு வேகமும் சேர்ந்த காலம் அது.

2002 ஏப்ரலில் இந்தியாவில் இணையத் தொலைபேசி சட்டப்படி அனுமதி பெற்றது. பிரவுசிங் சென்டர்களில் தலையில் ஹெட்போன் மாட்டிய தந்தையர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து உரக்கப் பேசினர். 2003இல் ஸ்கைப் பிறந்தது. 2025 மே மாதம் அதை மூடியே விட்டார்கள். வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு 2015இல் வந்தது, மறுவருடம் முகமும் வந்தது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு பல ஆண்டுகளாக எடுபடாததால், துபாய்ப் பிள்ளைகளுக்காக அத்தைமார் போட்டிம் என்ற செயலியின் பெயரையும் கற்றார்கள். இத்தனை மாறியும் கத்தல் மாறவில்லை என்பது இக்கட்சியின் வாதம். ஆனால் டிரங்க் காலையே காணாத அத்தை மகளும் சிங்கப்பூருக்குப் பேசும்போது கத்துகிறாளே, அதற்கு இவர்களிடம் விடையில்லை.

விடை மூன்றாம் சாராரிடம் உண்டு. இவர்கள் பொறியாளர்கள். பழைய லேண்ட்லைன் ரிசீவரில் ஒரு சூட்சுமம் வைத்திருந்தார்கள். நாம் பேசுவதில் ஒரு சிறு பங்கை நம் காதுக்கே திருப்பி அனுப்பும் சுற்று அது. நம் குரல் நமக்கே கேட்டதால், போதும் என்று தொண்டை தானாக அடங்கியது. ஸ்பீக்கரில் போட்டு உள்ளங்கையில் அப்பளம்போல் ஏந்திப் பேசும் கைப்பேசியில் அந்த ஏற்பாடு இல்லை. காதை அடைக்கும் இயர்போன் மாட்டினால் இன்னும் மோசம். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதக் குரல் தன்னையறியாமல் உயரும் என்பதை லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதிவைத்தார். கூடத்தில் சீரியல், அடுப்படியில் குக்கர், வாசலில் கீரைக்காரம்மா. லொம்பார் மயிலாடுதுறைக்கு வந்திருந்தால் ஆய்வு சீக்கிரம் முடிந்திருக்கும்.

இதில் பரிதாபம் என்னவென்றால், அத்தனை கத்தலும் வீண். செயலிக்குள்ளே ஒலியைச் சமன் செய்யும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மெல்லப் பேசினால் தூக்கும், உரக்கப் பேசினால் அமுக்கும். மொட்டைமாடியிலிருந்து எழுப்பிய குரல், நியூஜெர்சி சமையலறையில் ஏறக்குறைய அடுப்படிக் குரலாகத்தான் போய் இறங்குகிறது. முழுக் குரலையும் கேட்பவர்கள் எதிர்வீட்டுக்காரர்கள். பேரனுக்குப் பல் முளைத்த செய்தி அவர்களுக்குக் கட்டணமின்றிப் போய்ச் சேர்கிறது.

அடுத்து, தாமதம். ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்க மனிதர் எடுத்துக்கொள்ளும் இடைவெளி சராசரியாக 200 மில்லி நொடி. குரல் ஒரு வழி போய்ச் சேர 150 மில்லி நொடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. வைஃபை பெட்டி இருக்கும் அறைக்கு இரண்டு சுவர் தள்ளி நிற்கும் அத்தை அந்தப் பரிந்துரையைப் படித்ததில்லை. "சாப்பிட்டியாடா?" என்கிறார். பதில் அந்த நொடியில் வரவில்லை. கேட்கவில்லை போலும் என்று, இன்னும் உரக்க, "சாப்பிட்டியான்னேன்!" என்கிறார். அதற்குள் முதல் கேள்விக்கான பதில் வந்து இரண்டாம் கேள்வியின் மேல் மோதுகிறது. "நீ சொல்லு", "இல்ல, நீங்க சொல்லுங்கம்மா", பிறகு இருவரும் மௌனம், பிறகு இருவரும் சேர்ந்து பேச்சு. அவன் சாப்பிட்டானா என்பது இன்றுவரை தெரியவில்லை.

மௌனத்திலும் ஒரு சங்கதி உண்டு. எண்முறை இணைப்பில் யாரும் பேசாதபோது சுத்த நிசப்தம் நிலவும். அதைக் கேட்டவர்கள் லைன் கட்டாகிவிட்டதென்று வைத்துவிட்டார்கள். அதனால் பொறியாளர்கள் வேலைமெனக்கெட்டுப் பொய்யாக ஓர் இரைச்சலைத் தயாரித்து நடுவே ஊற்றுகிறார்கள். பழைய கம்பியில் இனாமாகக் கிடைத்த கரகரப்பு இப்போது மென்பொருளாக எழுதப்படுகிறது.

எல்லாவற்றிலும் அபாயகரமானது தமிழ் வாக்கிய அமைப்பு. குரல் சுமார் 20 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டுப் பயணிக்கிறது. வழியில் சில தொலையும். தொலைந்த இடத்தில் ஓட்டை தெரியாதிருக்க, அதற்கு முன் வந்த ஒலியையே கொஞ்சம் இழுத்து ஒட்டுப்போடும் வித்தை ஒன்று உண்டு. நம் மொழியிலோ ஆமா, இல்லையா என்பது வாக்கியத்தின் வால்முனையில்தான் தெரியும். வரன் பார்த்துவிட்டு வந்த அத்தை, "பொண்ணு வீட்டுல எல்லாருக்கும் சம்மதம் இல்லை" என்று சொல்ல, "இல்லை" அட்லாண்டிக்கில் விழ, இயந்திரம் தன் பங்குக்கு "சம்மதம்ம்ம்" என்று நீட்டி முழக்கிக் கொடுத்தால், மறுமுனையில் பையன் லட்டு வாங்கக் கிளம்பிவிடுவான். ஆகவே அத்தை எதையும் மூன்று முறை சொல்வது முதுமையின் அடையாளமன்று. அது பிழை திருத்தும் முறை. பொறியாளர்களும் துண்டு தொலையாதிருக்க அதே தகவலை இரட்டித்து அனுப்புவதுண்டு. அத்தை அதோடு நிற்காமல் நடுநடுவே "கேக்குதா?" என்று ஒப்புகைச் சீட்டும் வாங்குகிறார்.

விதியைச் சோதிக்க ஓர் ஏற்பாடு செய்தோம். அத்தை வீட்டு லேண்ட்லைன், குரோஷா விரிப்பின் மேல் பழையபடியே வீற்றிருக்கிறது. ஆனால் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. போன் இப்போது சுவரில் மாட்டிய பெட்டியில் சொருகப்பட்டு, குரல் இணைய நெறிமுறைப்படி துண்டுதுண்டாகவே போகிறது. முன்பு எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியே 48 வோல்ட் வந்ததால் கரண்ட் போனாலும் போன் பேசியது. இப்போது பெட்டி அணைந்தால் போனும் ஊமை. அதாவது அத்தையின் லேண்ட்லைன், லேண்ட்லைன் வேடம் போட்ட இணைய அழைப்பு. ரிசீவருக்குள் மட்டும் அந்தப் பழைய சுற்று உயிரோடு இருக்கிறது.

மகனை அந்த எண்ணுக்கே கூப்பிடச் சொன்னோம். மணி அடித்தது. அத்தை எடுத்தார். நியூஜெர்சியோடு அடுப்படிக் குரலில் பேசினார். தூரக்குரல் விதி கூடத்திலேயே தகர்ந்தது. குறித்துக்கொள்ளப் பேனாவை எடுப்பதற்குள் அத்தை கேட்டார்: "ஏன்டா, லேண்ட்லைனுக்கா போட்டே? காசு ஆகுமேடா! வச்சுட்டு வாட்ஸ்அப்ல வா."

ரிசீவரை வைத்தார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.